ஒரே குடம், இரண்டு முகங்கள்: நம் மரங்களில் ஒரு மாண்டலின் செய்த அனுபவம்

நான் செய்த மாண்டலினுக்கு ஒரு குடமும் இரண்டு மேல்பலகைகளும் உண்டு. முதல் பலகை பலா. அது இப்போது என் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. இரண்டாவது குமிழ் மரம், அதுதான் இன்று கருவியில் இருக்கிறது. குடம், தண்டி, குதிரை, தந்தி எதுவும் மாறாமல் மேல்பலகை மட்டும் மாறியபோது நாதம் எந்த அளவுக்கு வேறுபட்டது என்பதைக் காதால் கேட்ட பிறகுதான், நாட்டு மரங்களைக் கொண்டு கருவி செய்வது என்றால் என்ன என்பது எனக்கு விளங்கியது. அந்த வேறுபாட்டின் காரணத்தையும் அதைக் கண்டுகொள்ள எனக்கு உதவிய சில எளிய சோதனைகளையும், இதில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

மாண்டலினின் உறுப்புகளுக்கு வீணையின் சொற்களையே இங்கே எடுத்தாள்கிறேன். ஒலிப்பெட்டியைக் குடம் என்றும், கழுத்தைத் தண்டி என்றும், தந்திகளைத் தாங்கும் கட்டையைக் குதிரை என்றும், ஃப்ரெட்டை மெட்டு என்றும், முறுக்காணியைப் பிரடை என்றும் சொல்வதில் எந்தக் குழப்பமும் இல்லை. குடத்தின் முகப்பாக அமைந்து, தந்தியின் அதிர்வை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும் பலகையே மேல்பலகை.

மாண்டலின் செய்முறையை விளக்கும் வரைபடங்களில் பெரும்பாலானவை மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ், முதுகுக்கும் பக்கங்களுக்கும் மேப்பிள் என்ற இணையை அடிப்படையாகக் கொண்டவை. நேப்பிள்ஸ் நகரத்தின் வயிறு பருத்த பழைய மாண்டலினிலும் மேல்பலகை ஸ்ப்ரூஸ்தான். 1898-இல் ஆர்வில் கிப்சன் காப்புரிமை பெற்ற, வயலினைப் போல மேல்பலகையைக் குவித்துச் செதுக்கும் முறையிலிருந்து வளர்ந்த இன்றைய வடிவங்களிலும் அதுவே. இந்த இரண்டு மரங்களும் குளிர்நிலத்துக்கு உரியவை. ஆஸ்திரேலியக் கைவினைஞர்கள் தங்கள் மண்ணின் பன்யா பைனையும் டாஸ்மேனியா பிளாக்வுட்டையும் கொண்டு நல்ல கருவிகள் செய்வதைப் படித்தபோது, பலாவும் குமிழும் தோதகத்தியும் (ரோஸ்வுட்) கருங்காலியும் விளையும் நிலத்தில் இருந்துகொண்டு இறக்குமதி மரத்தைத் தேடுவானேன் என்று தோன்றியது. ஆனால் அவர்களுக்கு உள்ள ஒரு வசதி நமக்கு இல்லை. ஸ்ப்ரூஸைப் போலவே பன்யாவும் ஊசியிலை மர வகையைச் சேர்ந்தது. எடை குறைவு, நார் நேர். தென்னகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையில் இயல்பாக வளரும் ஊசியிலை மரம் ஒரே ஒரு வகைதான்; அதை வெட்டிக் கருவி செய்வதை நினைத்தும் பார்க்கக் கூடாது. ஆகவே மேல்பலகைக்கும் அகன்ற இலை மரம் ஒன்றைத்தான் நாடவேண்டும். என் சிக்கல் முழுவதும் இங்கிருந்துதான் தொடங்கியது.

பலா எனக்குப் புயலில் சாய்ந்த ஒரு மரத்திலிருந்து கிடைத்தது. குமிழ், தோட்டம் ஒன்றில் கட்டடப் பணிக்காக வெட்டப்பட்ட மரத்தின் அடித்துண்டு. விரற்பலகைக்கும் (மெட்டுகள் பதியும் பலகை) குதிரைக்கும் தேவையான தோதகத்தியை உடைந்த பழைய கட்டிலின் சட்டத்திலிருந்து எடுத்தேன். தோதகத்திக்குத் தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டின் தனிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2017 முதல் அந்த மரம் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் ஏறத்தாழ முழுவதுமே, அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வைக்கப்பட்டது. புது மரத்தைத் தேடி அலைவதைவிடப் பழைய மரச்சாமானைப் பிரித்தெடுப்பது நேர்மையானது. அத்துடன், பல பத்தாண்டுகள் வீட்டுக்குள் இருந்து காய்ந்த கட்டை இனி அதிகம் அசையாது என்பது பெரிய ஆதாயம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ரம்பம் வைக்கும் முன் காந்தத்தைக் கட்டையின் மீது எல்லாப் பக்கமும் ஓட்டிப் பார்க்க வேண்டும். என் சட்டத்தில் வெளியே தெரியாமல் தலை முறிந்து புதைந்திருந்த மூன்று ஆணிகளைக் காந்தம்தான் காட்டிக்கொடுத்தது.

அடித்துண்டுகளை அறுக்கும் நாளில் உடனிருந்த முதிய தச்சர் ஒருவர், "தம்பி, எடுத்ததும் ரம்பத்தை வைக்காதே. முதல்ல ஒரு துண்டைப் பிளந்து பார். நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு கட்டையே காட்டிடும்" என்றார். ரம்பம் நாரைப் பொருட்படுத்தாமல் நேராகப் போகும்; ஆப்பு நாரின் வழியே போகும். ஆப்பால் பிளந்த முகத்துக்கு இணையாக அறுத்த பலகையில் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடுகிறது. செதுக்கி மூன்று மில்லிமீட்டராக மெலியப் போகும் பலகைக்கு இது உயிர்நிலை. பிளந்த துண்டுகளிலிருந்து ஆரவாக்கில், அதாவது வளைய ரேகைகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி, 22 மி.மீ. தடிமனில் பலகைகள் எடுத்தோம். வெட்டுமுனைகளில் அன்றே உருகிய மெழுகைப் பூசினேன். ஈரம் முனைகளின் வழியாகத்தான் வேகமாக வெளியேறும்; அதைத் தடுக்காவிட்டால் முனைகள் முந்திக்கொண்டு சுருங்கி வெடிக்கும்.

காய்ந்துவிட்டது என்பதைக் கண்ணாலும் கையாலும் அறிய முடியாது. ஒவ்வொரு பலகையின் மீதும் பென்சிலால் தேதியையும் எடையையும் எழுதினேன். மாதம் ஒரு முறை அதே தராசில் மீண்டும் எடை போட்டு, கீழே எழுதிக்கொண்டே வந்தேன். முதல் மூன்று மாதங்களில் எடை வேகமாக இறங்கியது. பிறகு இறக்கம் தயங்கியது. ஏழாவது மாதத்திலிருந்து மழை நாளில் சற்று ஏறுவதும் வெயில் நாளில் இறங்குவதுமாக ஒரே அளவைச் சுற்றி நின்றது. எடை குறைவது நின்று, காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ஏறி இறங்கத் தொடங்கும்போதுதான் மரம் சூழலுடன் சமநிலைக்கு வந்திருக்கிறது என்று பொருள். இதற்கு முன்பு நான் செய்த ஒரு சிறு பெட்டியின் மூடி, நன்றாகக் காய்ந்தது என்று பிறர் சொன்ன வார்த்தையை நம்பி ஒட்டியதால், மூன்றே மாதத்தில் நடு ஒட்டில் பிளந்தது. அதன் பிறகு எவர் சொல்லையும் நான் தராசுக்கு முன் வைப்பதில்லை.

பக்கப் பலகைகளுக்குப் பலாவையே எடுத்தேன். பலாவின் நார் பல இடங்களில் பின்னிக் கிடக்கும்; இழைப்புளி ஒரு திசையில் வழவழப்பாக ஓடி, இரண்டு விரற்கடை தாண்டியதும் நாரைக் கிள்ளி எடுத்துவிடும். அத்தகைய இடங்களில் இழைப்புளியை வைத்துவிட்டு, விளிம்பில் பிசிறு திருப்பிய எஃகுத் தகட்டால் சுரண்டுவதே வழி. 2 மி.மீ. ஆக்கிய பட்டைகளை வளைப்பதற்காகத் தண்ணீரில் ஊறவைத்தபோது, இருபது நிமிடத்துக்குள் தண்ணீர் மஞ்சள் கரைத்தது போலாகிவிட்டது. துறவிகளின் துவராடைக்குச் சாயமாகப் பயன்பட்ட அதே நிறம்தான் அது. என் விரல்களில் இரண்டு நாள் இருந்தது.

சூடேற்றிய இரும்புக் குழாயின் மீது வைத்து வளைக்கும்போது முதல் இரண்டு பட்டைகள் அடிப்பக்கத்து வளைவில் முறிந்தன. முறிந்த இடத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நார் பட்டையின் நீளத்துக்கு இணையாக ஓடாமல், தடிமனுக்குள் சாய்வாக ஏறி வெளியே வந்திருந்தது. அந்த முனையில்தான் விரிசல் கண்டிருந்தது. அவை பிளந்து எடுத்த கட்டையிலிருந்து வந்தவை அல்ல. மிச்சமிருந்த அறுவைப் பலகையிலிருந்து நான் சிக்கனமாக எடுத்தவை. பிளந்த கட்டையிலிருந்து வேறு பட்டைகள் எடுத்து, 1.8 மி.மீ. வரை மெலித்து, வெளிப்பக்கத்தில் மெல்லிய எஃகுத் தகட்டைத் துணையாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வளைத்தேன். குழாயின் மீது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது உட்கார்ந்து கொதிக்காமல் துள்ளி ஓட வேண்டும். அதுவே சரியான சூடு. மரத்தை அழுத்தி வளைக்கக் கூடாது. கை அழுத்தத்தை மாற்றாமல் காத்திருந்தால், ஒரு கணத்தில் மரம் தளர்ந்து கொடுப்பது உள்ளங்கைக்குத் தெரியும். அந்தக் கணம் வரும் வரை பொறுப்பதுதான் வளைக்கும் வேலையில் பெரும்பகுதி. முதுகுப் பலகையையும் பலாவிலேயே குவித்துச் செதுக்கினேன். அதில் குறிப்பிடத்தக்க தொல்லை ஏதும் நேரவில்லை.

தண்டியும் பலாதான். எட்டுத் தந்திகளும் சேர்ந்து எழுபது முதல் எண்பது கிலோ வரை இழுக்கும் என்பதால், விரற்பலகைக்கு அடியில் கார்பன் ஃபைபர் பட்டை ஒன்றைப் பதித்தேன். தண்டியைக் குடத்தின் தலைக்கட்டையில் ஒட்டாமல் இரண்டு போல்ட்டுகளால் பூட்டினேன். பழைய முறையை மதிப்பவர்கள் இதை விரும்ப மாட்டார்கள். ஆனால் முதல் கருவி செய்பவர் குடத்தைத் திரும்பத் திறக்க நேரிடும் என்பதை நான் அனுபவத்தில் கண்டதால், தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.

மெட்டுகளைப் பற்றி ஒரே ஒரு செய்தி. மேருவிலிருந்து (தண்டியின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் கட்டை) குதிரை வரை 352 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அதை 17.817-ஆல் வகுக்க முதல் மெட்டின் தொலைவு 19.76 மி.மீ. கிடைக்கும், ஏழாவது மெட்டு 117.07 மி.மீ., பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியான 176 மி.மீ. எல்லா மெட்டுகளையும் மேருவிலிருந்தே அளந்து குறிக்க வேண்டும். ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டை அளந்துகொண்டு போனால், ஒவ்வோர் அளவிலும் நேரும் கால் மில்லிமீட்டர்ப் பிழை சேர்ந்துகொண்டே போய், மேல் சுரங்கள் முழுவதும் அபஸ்வரமாகிவிடும். தந்தியை அழுத்தும்போது அதன் இழுவிசை கூடி சுருதி ஏறுவதால், குதிரை கணக்கில் வரும் இடத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளியே நிற்கும். மாண்டலினில் குதிரை ஒட்டப்படுவதில்லை என்பதால், பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி மீட்டும் சுரமும், அதே இடத்தில் தந்தியை விரல்நுனியால் தொட்டு எழுப்பும் மேல்சுரமும் ஒன்றாகும் வரை அதை நகர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

இனி மேல்பலகை. வீணையின் குடமும் தண்டியும் பலா. மிருதங்கமும் தவிலும் பலா. கஞ்சிராவின் வளையமும் பலா. தலைமுறை தலைமுறையாக நாதம் தந்த மரம் மாண்டலினுக்கு மட்டும் தராமலா போகும் என்று நினைத்தேன். வரைபடத்தில் ஸ்ப்ரூஸுக்குக் கொடுத்திருந்தபடியே நடுவில் 5 மி.மீ., விளிம்பை ஒட்டி 3 மி.மீ. என்று பலாவைச் செதுக்கினேன். பழுத்த பொன்னிறத்தில், ரேகைகள் நேர்நேராக ஓட, அந்தப் பலகை பார்ப்பதற்கு மிக அழகாக வந்தது. எடை 168 கிராம். மெருகு எதுவும் பூசாமல் வெள்ளையாகவே தந்தி பூட்டினேன்.

மீட்டியதும் மனம் சோர்ந்தது. மேல் தந்தியான ஈ கூர்மையாகக் கேட்டது. ஆனால் சதை இல்லை. கீழ்த் தந்தியான ஜி, போர்வைக்குள்ளிருந்து வருவது போல ஒடுங்கி ஒலித்தது. கருவியை மடியில் வைத்திருந்த எனக்கே இப்படியென்றால், அறையின் மறுகோடியில் இருந்தவருக்குத் தந்தியின் 'டிக்' ஓசைதான் முதலில் எட்டியது, சுரம் பிறகுதான் வந்தது. பத்து நாள் வாசித்தேன். வாசிக்க வாசிக்கப் புதுக் கருவியின் குரல் திறந்துகொள்ளும் என்று பலர் சொல்வதை எண்ணிக் காத்திருந்தேன். மாற்றம் இல்லை.

வீணையில் அருமையாக ஒலிக்கும் மரம் இங்கே ஏன் வாடியது என்று யோசிக்கத் தொடங்கினேன். வீணையின் தந்தி மாண்டலினுடையதைப் போல இரு மடங்குக்கும் மேல் நீளமானது. அது நீண்ட வீச்சில் நெடுநேரம் அதிர்கிறது. அகன்ற பித்தளைத் தகடு வேய்ந்த குதிரை அதன் ஒலிக்குச் செறிவைச் சேர்க்கிறது. நாதம் மெல்ல மெல்லக் கரைவதே அங்கே அழகு. மாண்டலினின் தந்தி குட்டையானது, இறுக்கமானது, மீட்டிய கணத்தில் கிடைக்கும் சிறிதளவு விசையைப் பலகை உடனே வாங்கிக் காற்றில் வீசிவிட வேண்டும். கனத்த பலகையை அசைக்கவே அந்த விசை செலவாகிவிடுகிறது. ஆகவே இங்கே வேண்டியது தந்தியின் அழுத்தத்தைத் தாங்கும் விறைப்பும், அதற்கேற்ற குறைந்த எடையும். இரண்டில் எது மட்டும் இருந்தாலும் போதாது.

இதை ஊகமாக விட்டுவிடாமல் அளந்து பார்க்க விரும்பினேன். பலா, குமிழ், கருவி செய்யும் நண்பர் ஒருவர் கொடுத்த ஸ்ப்ரூஸ் ஆகிய மூன்றிலும் 300 மி.மீ. நீளம், 30 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன் என்று ஒரே அளவில் துண்டுகள் எடுத்தேன். தடிமனில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் சோதனை பயனற்றுப் போகும் என்பதால், இந்த மூன்று துண்டுகளை இழைப்பதற்கே ஒரு முழு நாள் ஆயிற்று. முதலில் எடை: ஸ்ப்ரூஸ் 22 கிராம், குமிழ் 27 கிராம், பலா 34 கிராம். ஒவ்வொன்றின் கன அளவும் 54 கன செ.மீ.; வகுத்தால் அடர்த்தி முறையே 0.41, 0.50, 0.63. அடுத்து விறைப்பு: 250 மி.மீ. இடைவெளியில் இரண்டு தாங்கிகள் வைத்து, துண்டை அவற்றின் மீது கிடத்தி, நடுவில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று, நுண்ணிய அளவை முள்ளால் காட்டும் டயல் கேஜில் பார்த்தேன். ஸ்ப்ரூஸ் 0.54 மி.மீ., பலா 0.62 மி.மீ., குமிழ் 0.74 மி.மீ. தாழ்ந்தன.

இந்த எண்களை முதலில் பார்த்தபோது குமிழ்தான் மூன்றிலும் சோடை என்று முடிவு கட்டப் பார்த்தேன். ஆனால் பலகையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தை (தடிமன் × தடிமன் × தடிமன்) பொறுத்து ஏறுகிறது. தடிமனைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும், சற்றுக் கூட்டினாலோ மளமளவென்று ஏறும். அந்தக் கணக்கின்படி, ஸ்ப்ரூஸின் விறைப்பை எட்டுவதற்குக் குமிழை 1.11 மடங்கு தடிமனாக விட்டால் போதும். அப்போது அதன் எடை ஸ்ப்ரூஸைவிட 36 விழுக்காடு கூடுதல். பலாவை 1.05 மடங்கு தடிமனாக விட வேண்டும். ஆனால் அதன் எடை 60 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதல். விறைப்பில் முந்தி நிற்கும் பலா, விறைப்பையும் எடையையும் சேர்த்துப் பார்க்கும்போது குமிழுக்குப் பின்னே போய்விடுகிறது. என் முதல் பலகை ஏன் ஊமையாக இருந்தது என்பதற்கான விடை அந்த ஒரு கிலோ எடைக்கல்லில் இருந்தது.

இந்த எண்கள் என் கையில் இருந்த மூன்று துண்டுகளுக்கு உரியவை. வேறொரு பலா மரம், ஏன், அதே மரத்தின் மேற்பகுதிகூட வேறு எண் தரக்கூடும். அதனால்தான் எண்களைவிடச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். டயல் கேஜ் இல்லாவிட்டாலும், துண்டின் நடுவில் நீளமான ஒரு குச்சியை முள்ளாகப் பொருத்தி, அதன் நுனி அளவுகோலில் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து ஒன்றோடொன்று ஒப்பிடலாம். உங்களுக்கு வேண்டியது ஒப்பீடுதான்.

குடத்தைத் திறப்பது நான் அஞ்சிய அளவுக்குக் கடினமாக இல்லை. மேல்பலகையை நான் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சி எடுக்கும் பசையான வஜ்ஜிரத்தால் ஒட்டியிருந்தேன். தண்டியின் போல்ட்டுகளைக் கழற்றி, மெல்லிய கத்தியைச் சூடாக்கி, நுனியில் சிறிது தண்ணீர் தொட்டு ஒட்டின் விளிம்பில் நுழைத்தபோது, 'பட்' என்ற மெல்லிய ஓசையுடன் ஒட்டு விட்டது. அங்கிருந்து கத்தியை விரற்கடை விரற்கடையாக நகர்த்தினேன். ஒரு மணி நேரத்தில் பலகை சேதமின்றிக் கையோடு வந்தது. சூட்டுக்கும் ஈரத்துக்கும் விட்டுக்கொடுப்பது வஜ்ஜிரத்தின் குறை என்று சொல்வார்கள். கருவி செய்பவனுக்கு அதுவே அதன் பெருமை. அதைக் காய்ச்சும்போது அறுபது, அறுபத்தைந்து பாகை செல்சியஸுக்கு மேல் போகவிடக் கூடாது. கொதித்தால் வலு போய்விடும். பூசிய ஒரு நிமிடத்துக்குள் உறையத் தொடங்கும் என்பதால், ஒட்டப் போகும் விளிம்புகளை முன்பே வெதுவெதுப்பாக்கி, கிளாம்ப்புகளை ஒரு முறை பசையில்லாமல் பூட்டி ஒத்திகை பார்த்துவிட வேண்டும்.

குமிழ் நமக்குப் புதிய இசைமரம் அன்று. சங்கப் பாட்டு ஒன்றில் வரும் இடையன், உட்டுளை உடைய குமிழங்கொம்பை வில்லாக வளைத்து, மரல் நாரை நரம்பாகப் பூட்டி, குறிஞ்சிப் பண் இசைக்கிறான். என் கணக்கு என்னைக் கொண்டு சேர்த்த மரம், ஆடு மேய்க்கும் ஒருவன் கைக்கு எட்டிய மரமாக ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. வெளிர்மஞ்சள் நிறம், காய்ந்தபின் அதிகம் அசையாத இயல்பு, நகவுளிக்கு வெண்ணெய் போல் இடம் கொடுக்கும் மென்மை. குறை என்றால், கூர் மழுங்கிய கருவி பட்டதும் மேற்பரப்பு பஞ்சு போலப் பிசிறிவிடும். அரைமணிக்கு ஒரு முறை உளியைத் தீட்டிக்கொண்டே இருந்தேன்.

ஒரே பலகையைப் புத்தகம் விரிப்பது போல இரண்டாகத் திறந்து நடுவில் ஒட்டினேன். ஒட்டும் முன் இரண்டு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்து, பின்னால் விளக்கை வைத்துப் பார்த்தேன். ஒளி துளியும் கசியாமல் இருக்கும் வரை இழைத்தேன். பிறகு வெளிப்பக்கக் குவிவை 14 மி.மீ. உயரத்துக்குச் செதுக்கி முடித்துவிட்டே பலகையைத் திருப்பினேன். உட்பக்கத்தில், விரலிடைக்கு ஒன்றாக, அடியில் வேண்டிய தடிமனைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக மரம் மிஞ்சும் ஆழத்துக்குச் சிறு துளைகள் இட்டு, துளைகளின் அடி மறையும் வரை நகவுளியால் குடைந்தால் பலகை கிட்டத்தட்ட இறுதி அளவுக்கு வந்துவிடும். அதன்பின் எல்லாம் சுரண்டுவதுதான்.

கணக்கு நடுவில் 5.5, விளிம்பில் 3.3 மி.மீ. என்றது. அங்கே வந்ததும் நிறுத்தி, இன்னொரு சோதனை செய்தேன். நாருக்குக் குறுக்காக வெட்டிய ஸ்ப்ரூஸ், குமிழ் துண்டுகளை அதே தாங்கிகளில் வைத்துப் பார்த்தபோது குமிழ் குறைவாகவே வளைந்தது. அகன்ற இலை மரங்களில் நாரின் வழியே உள்ள விறைப்புக்கும் குறுக்கே உள்ள விறைப்புக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு ஊசியிலை மரங்களில் இருப்பதைவிடக் குறைவு. பலகை முழுவதுமாகச் சேர்ந்து அதிரும்போது இந்தக் குறுக்கு விறைப்பும் கணக்கில் வருவதால், நீளவாக்கில் சற்று விட்டுக்கொடுக்கலாம் என்று துணிந்தேன். சுரண்டுவது, எடை போடுவது, இரு கைக் கட்டைவிரல்களால் நடுவை அழுத்தி நெகிழ்வைப் பார்ப்பது, விளிம்பில் ஓரிடத்தை இரு விரலால் தளர்வாகப் பிடித்துத் தூக்கித் தட்டிக் கேட்பது என்று மூன்று மாலைப் பொழுதுகள் போயின. தட்டும் ஓசை முதலில் கட்டையைத் தட்டுவது போல் உடனே அறுந்தது. மெலிய மெலியச் சுரம் இறங்கி, தட்டிய பிறகும் ஒரு நொடி தொங்கி நின்றது. நடுவில் 5.2, விளிம்பில் 3.0 என்று வந்தபோது அந்தத் தொங்கல் தெளிவாகக் கேட்டது, நிறுத்திக்கொண்டேன். இன்னும் மெலித்தால் இன்னும் நன்றாக ஒலிக்குமோ என்ற ஆசை அந்த நேரத்தில் வலுவாக எழும். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது என்பதால், எடை கூடுதலாக இருப்பதாகத் தோன்றும் நிலையிலேயே நிறுத்தி, தந்தி பூட்டிக் கேட்ட பிறகு தேவையிருந்தால் மறுபடியும் திறப்பது நல்லது. பலகை 126 கிராம் இருந்தது. பலாவைவிட 42 கிராம் குறைவு. அடியில் குமிழிலேயே இரண்டு தாங்குசட்டங்களை ஒட்டினேன்.

மீண்டும் வெள்ளையாகவே தந்தி பூட்டினேன். ஜி தந்தியை மீட்டிய அந்தக் கணத்தில் மடியில் இருந்த குடத்தின் முதுகு என் வயிற்றில் அதிர்ந்தது. பலாப் பலகை இருந்தபோது அந்த அதிர்வை நான் உணர்ந்ததே இல்லை. முதுகும் பக்கங்களும் அதே பலாதான். ஆனால் இப்போது அந்தக் கனம் இடைஞ்சலாக இல்லாமல், முகத்திலிருந்து வரும் நாதத்தைத் தாங்கி நிறுத்தும் பின்புலமாக வேலை செய்தது. அறையின் மறுகோடியிலிருந்தவர், நான் எதுவும் கேட்காமலேயே தலையசைத்தார். ஸ்ப்ரூஸ் மாண்டலினின் பளிச்சென்ற தொடக்கம் இதில் இல்லை. அதைவிட உருண்டையான, சற்று இருண்ட குரல். தனித்தந்தியாகப் பூட்டி கமகங்களை இழுத்து வாசிப்பதற்கு இந்தக் குரல் பொருந்துகிறது. மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை விட்டு ஐந்து தனித்தந்திகள் கொண்ட மின்மாண்டலினில் கர்நாடக இசையை நிலைநாட்டியதற்கு, தந்தியின் ஒலி நீடிக்க வேண்டும் என்பதும் கமகத்துக்குத் தந்தி இளகிக் கொடுக்க வேண்டும் என்பதும் காரணங்களாக இருக்க வேண்டும் என்று என் கருவியை வாசிக்கும்போதெல்லாம் தோன்றுகிறது. மின்னிணைப்பு இல்லாத கருவியில் அந்த நீட்சியை மரம் மட்டுமே தர வேண்டியிருக்கிறது.

மெருகுக்கு அரக்கைச் சாராவியில் (ஸ்பிரிட்) கரைத்துத் துணிப்பொதியால் தேய்த்தேன். இங்கே ஒரு பிழை நேர்ந்தது. குடத்தின் விளிம்பில் அழகுக்காகத் தோதகத்திப் பட்டை ஓட்டியிருந்தேன். முதல் தேய்ப்பிலேயே அதன் ஊதாச் சாயம் சாராவியில் கரைந்து, வெளிர்க் குமிழின் மீது இரண்டு விரல் அகலத்துக்குக் கறையாகப் படர்ந்தது. அதைச் சுரண்டி நீக்கியதில் அந்த விளிம்பு எங்கும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் மெலிந்தது. பிறகு சிறு தூரிகையால் தோதகத்தியின் மீது மட்டும் மூன்று பூச்சு அரக்கைத் தனித்தனியாகக் காயவிட்டுப் பூசி, சாயத்தை அடைத்துவிட்டு, குமிழைத் தேய்க்கும்போது கையை எப்போதும் நடுவிலிருந்து விளிம்பை நோக்கியே ஓட்டினேன். கறை திரும்ப வரவில்லை. பூச்சு மெல்லியதாக இருப்பது முக்கியம். இத்தனை பாடுபட்டுக் குறைத்த எடையை மெருகாகத் திரும்ப ஏற்றிவிடக் கூடாது.

தந்தியின் அழுத்தத்தில் பலகை எவ்வளவு தாழ்கிறது என்பதைத் தொடர்ந்து பார்த்து வந்தேன். குடத்தின் இரு விளிம்புகளின் மீதும் சமக்கட்டைகள் வைத்து, அவற்றின் மீது நேர்க்கோலைக் கிடத்தி, குதிரையின் காலடிக்கு அருகே பலகையின் உயரத்தை வாரம் ஒரு முறை அளந்தேன். முதல் வாரத்தில் 0.4 மி.மீ. தாழ்ந்தது, மூன்றாம் மாத முடிவில் மொத்தம் 0.6 மி.மீ. அதற்குப் பிறகு நின்றுவிட்டது. தாழ்வது நிற்காமல் தொடர்ந்திருந்தால், பலகையை அளவுக்கு மீறி மெலித்துவிட்டேன் என்று பொருள். தந்தியை உடனே தளர்த்திவிட்டுத் தாங்குசட்டத்தை வலுப்படுத்த வேண்டியிருந்திருக்கும். தாழ்ந்த அளவுக்கு ஈடாகக் குதிரையை அரை மில்லிமீட்டர் உயர்த்தினேன். ஓராண்டு ஆகிறது; அதன்பின் அதைத் தொட வேண்டியிருக்கவில்லை.